இருநூற்றெழுபது டிகிரி

"எழுத்தைப் படுக்கப் போடணும். அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிக்கிறீங்க?" என்றான் பிரதாப்.

பூரணவல்லி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அவள் மூஞ்சியே அப்படித்தான். சிவகாசியில் தவசிலிங்கம் அண்ணாச்சியின் லேபிள் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அவள் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. பிரதாப் சென்னையிலிருந்து வந்திருந்தான். கக்கூஸ் கழுவும் 'பளிங்கரசி' திரவத்தை விற்கிற கம்பெனியின் மேனேஜர். அச்சகத்து மை எங்கே பேண்ட்டில் ஒட்டிக்கொள்ளுமோ என்று நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தான்.

"எல்லா எழுத்தையுமா?"

"பேரு நேரா நிக்கட்டும். எலுமிச்சம்பழப் படம் நேரா நிக்கட்டும். அந்த எச்சரிக்கை மட்டும் படுக்கணும்."

எச்சரிக்கை இதுதான்: ப்ளீச்சிங் பவுடரோடு கலக்காதீர். விஷப்புகை வரும். உயிருக்கு ஆபத்து.

"அது ஏன் படுக்கணும்?"

"நேரா நின்னா ஓதி படிச்சிடுதும்மா."

ஓதியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் அதைப் போடாத காதே கிடையாது. கம்மல் அளவுக்கு ஒரு பொட்டு. அதில் ஒரு கண், ஒரு குரல். எதிரே எழுத்து வந்தால் காதுக்குள் படித்துச் சொல்லும். பஸ் போர்டு, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அது பாடு. காதே படித்துவிடும்போது கண் எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்று பள்ளிக்கூடங்களில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதையே விட்டுவிட்டார்கள். இளவட்டங்களில் 'அ' எது 'ஆ' எது என்று தெரிந்தவர்கள் ஊருக்குக் கைப்பிடி தேறினால் அதிகம். ஆரம்பத்தில் இந்தச் சனியன் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தது. கிழிந்து தொங்கும் பேனர், அலமாரியில் நிற்கும் புத்தக முதுகு, குப்பையில் குப்புறக் கிடக்கும் பிஸ்கட் பாக்கெட் என்று ஒன்று விடாமல் ஒப்பித்ததில் ஜனங்களுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அதனால் அதைச் செய்தவர்கள் ஒரு விதி வைத்தார்கள். நேராக நிற்கும் எழுத்தை மட்டும் படி. படுத்திருப்பதும் தலைகீழாய்த் தொங்குவதும் அலங்காரம், விட்டுவிடு. காது நிம்மதியாயிற்று. பிரதாப் மாதிரி ஆட்களுக்கு ஒரு வழியும் பிறந்தது.

"கடையில பாட்டில் நிக்குது," என்று பிரதாப் விளக்கினான். "ஒரு அம்மா கைய நீட்டுறாங்க. உடனே காதுக்குள்ள விஷப்புகை, உயிருக்கு ஆபத்துன்னு அலறுது. அப்படியே கைய எடுத்துட்டுப் போயிடுறாங்க. நாங்க எப்படி விக்கிறது?"

"கலந்தா ஆள் செத்துப்போகுமே."

"எச்சரிக்கையை எடுக்கச் சொல்லலையே. சட்டப்படி அது லேபிள்ல இருக்கணும், தமிழ்ல இருக்கணும், இந்த அளவுல இருக்கணும். எல்லாம் இருக்கும். எந்தத் திசையைப் பாத்து இருக்கணும்னு சட்டத்துல இல்ல. எங்க வக்கீல் துருவித் துருவிப் பாத்துட்டார்."

"அப்ப சென்னையிலயே அடிச்சுக்க வேண்டியதுதான? இங்க எதுக்கு வந்தீங்க?"

அவன் பேண்ட்டில் மை பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். காரணம் அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆன்லைனில் இருக்கிற எந்த லேபிள் மென்பொருளும் எச்சரிக்கையைச் சாய்க்க விடாது. சாய்த்தால் தானே நிமிர்த்திவிடும். பூரணவல்லியின் மேசையில் இருந்த பழைய டெஸ்க்டாப் ஒன்றுதான் நெட் என்பதையே அறியாதது. பட்டாசுப் பெட்டியின் நாலு பக்கமும் எழுத்து சுற்றி வர வேண்டும் என்பதற்காக, வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே அதில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். ஒரு எண்ணைக் கொடுத்தால் எழுத்தை அந்தக் கோணத்துக்குச் சாய்த்து நேரே பிரிண்டருக்கு அனுப்பிவிடும். தொண்ணூறு கொடுத்தால் எழுத்து கீழேயிருந்து மேலே ஏறும். இருநூற்றெழுபது கொடுத்தால் மேலேயிருந்து கீழே இறங்கும். யாரையும் கேட்காது, யாருக்கும் சொல்லாது.

"நான் செய்ய மாட்டேன் அண்ணாச்சி," என்றாள் பூரணவல்லி, முதலாளியைப் பார்த்து.

தவசிலிங்கம் அதுவரை மிக்சர் தின்றுகொண்டிருந்தார். "செய்ய மாட்டியா? நல்லாருக்கு. ஏத்தா, இந்த ஊர்ல உன்னைத் தவிர அந்தப் பொட்டியத் தொடத் தெரிஞ்சவ எவளும் இல்லைங்கிற கொழுப்புதான?"

"உயிர் போற விஷயம் அண்ணாச்சி."

"நீயா கலக்கப் போற? நானா கலக்கப் போறேன்? எவளோ கூறுகெட்டவ கலந்தா அதுக்கு லேபிள் என்னத்தா செய்யும்? முடியாதுன்னா சொல்லு. பொட்டிய எடைக்குப் போட்டுட்டு நீ வீட்டுல உக்காந்து உன் நாத்தனா மூஞ்சியப் பாத்துக்கிட்டு இரு."

அது அவர் தெரிந்து அடித்த அடி. டெஸ்க்டாப் புரோகிராம் எழுதத் தெரிந்தவளுக்கு அந்தக் காலத்தில் வேறு எங்கேயும் வேலை கிடையாது. நாத்தனார் இந்திராணியின் முகத்தைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மெஷினுக்குள் தலையைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறவள் பூரணவல்லி.

"செஞ்சு தொலைக்கிறேன்," என்றாள்.

பிரதாப் மாதிரிக்கு ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போனான். பின்பக்கம் விரல்கள் பதிய பள்ளம், முன்பக்கம் லேபிள். பிடித்தால் லேபிள் பிடித்தவரின் முகத்தைப் பார்க்கும். பூரணவல்லி அதில் தண்ணீரை நிரப்பினாள். வெறும் தொண்ணூறைப் போட்டு அடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தன்னைக் கூலிக்காரியாக நடத்திய இரண்டு பேருக்கும் ஏதாவது ஒன்று செய்யாமல் அன்று அவளுக்குச் சோறு இறங்காது.

பாட்டிலை எடுத்து டம்ளரில் தண்ணீரைச் சாய்த்தாள். சாய்க்கும்போதுதான் பொறி தட்டியது. பாட்டில் நிற்கும்போது எழுத்து படுத்திருக்கிறது, சரி. பாட்டில் படுக்கும்போது? ஊற்றுவதற்கு எவராயிருந்தாலும் பாட்டிலைப் படுக்கவைத்துத்தானே ஆக வேண்டும்? அப்போது படுத்திருந்த எழுத்து எழுந்து நின்றுவிடுமே!

முதலில் தொண்ணூறு போட்டு ஒரு லேபிள் ஒட்டி ஊற்றிப் பார்த்தாள். எழுத்து தலைகீழாகப் போயிற்று. ஓதி கம்மென்று இருந்தது. அடுத்து இருநூற்றெழுபது. பாட்டிலை நிறுத்திப் பிடித்தாள். எச்சரிக்கை கேட்கவில்லை. டம்ளரை நோக்கிச் சாய்த்தாள். தண்ணீர் விழப்போகிற நேரத்தில் காதுக்குள் குரல் கணீரென்று கேட்டது: "ப்ளீச்சிங் பவுடரோடு கலக்காதீர். விஷப்புகை வரும். உயிருக்கு ஆபத்து."

பூரணவல்லிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. கடையில் வாயை மூடிக்கொண்டு நிற்கும். வீட்டில் ஊற்றுகிற நொடியில் வாயைத் திறக்கும். போங்கடா! திரும்பத் திரும்ப ஊற்றிப் பார்த்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இருநூற்றெழுபதை அப்படியே வைத்து லேபிளை ஓட்டச் சொல்லிவிட்டாள். கீழே இறங்குகிற எழுத்தையும் மேலே ஏறுகிற எழுத்தையும் அண்ணாச்சிக்கு வித்தியாசம் தெரியாது. பிரதாப்புக்கு எழுத்தே தெரியாது.

சரக்கு தயாரான அன்று, பிரதாப் கொடுத்த இரண்டு இலவச பாட்டில்களோடு வீட்டுக்குப் போனாள்.

அவள் வீட்டு நிலவரம் இப்படி. கணவன் சந்தனக்குமார் வாய் பேசாத பூச்சி. அவன் தங்கை இந்திராணி, புருஷனோடு வாழப் பிடிக்காமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். சமையல், துவையல், கழுவல் எல்லாம் அவள்தான். வந்த புதிதில் ஒரு நாள் பூரணவல்லி, "எழுத்து தெரியாத ஜென்மத்துக்கு என்ன தெரியும்," என்று சொல்லிவிட்டாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஆனால் சண்டை நிற்கவில்லை. ஜாடையில் நடந்தது. இந்திராணி டம்ளரோடு பேசுவாள். பூரணவல்லி சுவரோடு பேசுவாள்.

அன்றும் அப்படித்தான். பூரணவல்லி பாட்டில்களைக் கொண்டுபோய் பாத்ரூம் மாடத்தில் வைத்தாள். பக்கத்திலேயே இந்திராணி வழக்கமாகப் போடுகிற ப்ளீச்சிங் பவுடர் டப்பா இருந்தது. பூரணவல்லி அதைப் பார்க்கத்தான் செய்தாள். இவளிடம் போய் நான் எதற்குச் சொல்ல வேண்டும், பாட்டில்தான் சொல்லப் போகிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

அடுப்படியில் இந்திராணி டம்ளரிடம், "பெரிய சீமாட்டி, கக்கூஸ் கழுவ மருந்து வாங்கிட்டு வந்துட்டாக. கழுவுறதுக்கு ஆள் இருக்கா, இல்ல அதுவும் நானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலை செய்யாம சோறு திங்கணும்னா எங்க போக," என்றாள் பூரணவல்லி, சுவரிடம்.

பாட்டில்கள் கடைகளுக்குப் போயின. பூரணவல்லி புகார் வரும் என்று உள்ளூர பயந்துகொண்டேதான் இருந்தாள். ஊற்றும்போது கத்துகிறது என்று எவளாவது கம்பெனிக்குச் சொன்னால், அண்ணாச்சி அவள் தோலை உரித்துவிடுவார். ஆனால் ஒரு புகாரும் வரவில்லை. பாட்டில் பேசுகிறதே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பளிங்கரசி சக்கைப்போடு போட்டது. ஜனங்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்கள், நல்லதாய்ப் போயிற்று என்று அவள் விட்டுவிட்டாள். அந்த இடத்தில் அவள் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில், கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூம் கழுவிய இந்திராணி வெளியே வரவில்லை. சந்தனக்குமார் கதவை உடைத்து இழுத்துப் போட்டான். வாயில் நுரை, கண் ரெண்டும் ரத்தச் சிவப்பு. உயிர் இருந்தது. நுரையீரல் வெந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இனி ஒரு படி ஏறினாலும் மூச்சு வாங்கும், குரலும் பழையபடி வராது.

பூரணவல்லி கட்டிலருகே போய் நின்றாள். பரிதாபம் இருந்தது, இல்லாமல் இல்லை. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அத்தனை தெளிவாகச் சொல்லியும் கேட்காமல் இப்படிச் செய்து வைத்திருக்கிறாளே!

"பாட்டில் சொல்லியிருக்குமே. கலக்காதன்னு சொல்லியிருக்குமே. காதுல விழலையா?"

மூக்கில் குழாயோடு இந்திராணி தலையைத் திருப்பினாள். அவள் மதினியிடம் நேராகப் பேசி எவ்வளவோ காலமாயிற்று. "ஒண்ணும் சொல்லல மதினி," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"பொய் சொல்லாத."

"எஞ்சாமி சத்தியமா ஒண்ணும் சொல்லல."

"அது சொல்லாம இருக்காது. எப்படி ஊத்துன? இந்தா, இதுல காட்டு." மேசைமேல் இருந்த இருமல் மருந்து பாட்டிலை நீட்டினாள். மருந்து என்றதும் இந்திராணி சோத்தாங்கையால் வாங்கினாள். மூடியில் சாய்த்து ஊற்றினாள். பாட்டில் இடதுபக்கமாக, எப்படிச் சாய வேண்டுமோ அப்படியே சாய்ந்தது.

"பாத்தியா? இப்படி ஊத்தினா அது கத்தாம இருக்காது. கேட்டுட்டுத்தான் கலந்திருக்க. நான் கொண்டாந்த பாட்டிலாச்சே, அது சொல்லி நீ கேக்கணுமான்னு ஒரு வீம்பு. என்மேல பழி போடத்தான செஞ்ச?"

இந்திராணியின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து காதுக்குள் இறங்கியது. சந்தனக்குமார் அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெண்டாட்டியைப் பார்த்து, "வெளிய போடி," என்றான்.

விசாரணைக்கு ஞானதுரை என்ற அதிகாரி அச்சகத்துக்கு வந்தார். பூரணவல்லி வீட்டில் மட்டுமல்ல, இன்னும் சில ஊர்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. எல்லா இடத்திலும் பளிங்கரசி. பிரதாப் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். அண்ணாச்சி மிக்சரைத் தொடவில்லை.

"எச்சரிக்கையை வேணும்னே படுக்கப் போட்டிருக்கீங்க. எல்லாரையும் உள்ள தள்ளிருவேன்," என்றார் ஞானதுரை.

"அதைச் செஞ்சது இவதான் சார்!" அண்ணாச்சி கொஞ்சமும் கூச்சப்படாமல் பூரணவல்லியைக் கை காட்டினார். "இவ புரோகிராம், இவ பொட்டி. நமக்கு அந்தக் கண்றாவியெல்லாம் என்ன தெரியும்?"

பூரணவல்லிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்து போய் ஒரு பளிங்கரசி பாட்டிலையும் டம்ளரையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "ஊத்திப் பாருங்க சார்."

ஞானதுரை பாட்டிலை எடுத்துச் சாய்த்தார். அவர் முகம் மாறியது. நிமிர்த்தினார், மறுபடியும் சாய்த்தார். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கடையில பேசாது. ஊத்தும்போது பேசும்," என்றாள் பூரணவல்லி. "அப்படித்தான் நான் கோணம் குடுத்தேன். இவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. தெரிஞ்சா விட்டிருக்க மாட்டாங்க."

பிறகு பிரதாப் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வருவதை எல்லோரும் பார்த்தார்கள். "சார், இது தற்செயலா நடந்ததில்ல," என்றான். "நுகர்வோர் பாதுகாப்பு கருதி நாங்க யோசிச்சு செஞ்ச வடிவமைப்பு. தேவையானப்ப மட்டும் பேசும் பாட்டில்." அடுத்த விளம்பரத்தை அந்த இடத்திலேயே எழுதிவிட்டான் பாவி.

"அப்படின்னா பாதிக்கப்பட்டவங்க எல்லாரும் காதால கேட்டுட்டேதான் கலந்திருக்காங்க?" என்றார் ஞானதுரை.

"வேற எப்படி சார்?"

அதிகாரி பூரணவல்லியைப் பார்த்தார். "உங்க வீட்டு அம்மாவும்?"

"அவ வீம்புக்காரி," என்றாள் பூரணவல்லி.

அதுவே வாக்குமூலமாயிற்று. நஷ்டஈடு கிடையாது, எச்சரிக்கையை அலட்சியம் செய்தவர்கள்தான் பொறுப்பு என்று முடிவாயிற்று. அண்ணாச்சி அவளுக்கு ஒரு பெட்டி அல்வா கொடுத்தார். "ஏத்தா, உன் மூளைக்கு உன்னைய நான் ஏசவே கூடாது." பூரணவல்லி அதை வாங்கி மேசையில் வைத்தாள், பிரிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

வீட்டில் ஆள் இல்லை. சந்தனக்குமார் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டான். பாத்ரூமில் கால் வைக்க முடியவில்லை. இந்திராணி விழுந்த நாளிலிருந்து அப்படியே கிடந்தது. பூரணவல்லி கக்கூஸ் கழுவி வருஷங்கள் ஆகியிருந்தன. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். ப்ளீச்சிங் பவுடர் டப்பாவைத் தூக்கி வெளியே வைத்து, தரையில் கிடந்த மிச்சப் பவுடரைத் தண்ணீர் அடித்து விட்டாள். பிரஷ்ஷை எடுத்தாள், பாட்டிலை எடுத்தாள், மூக்கைச் சுளித்துக்கொண்டு குனிந்து ஊற்றினாள்.

பாட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

ஓதி கழன்றுவிட்டதா என்று தலையைத் திருப்பி மாடத்தைப் பார்த்தாள். "நெல்லி ஷாம்பூ. அடர்ந்த கூந்தலுக்கு," என்று காதுக்குள் படித்தது. ஓதி நன்றாகத்தான் இருந்தது. மறுபடி பாட்டிலைச் சாய்த்தாள். மஞ்சள் திரவம் குபுகுபுவென்று இறங்கியது. சத்தமே இல்லை. லேபிளைப் பார்த்தாள். அவளுக்குத்தான் எழுத்து தெரியுமே. எழுத்து தலைகீழாக இருந்தது. பாட்டில் வலதுபக்கமாகச் சாய்ந்திருந்தது.

அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். பாட்டில் பீச்சாங்கையில் இருந்தது.

அவள் யோசித்து எடுக்கவில்லை. அவள் எடுத்ததாகவே அவளுக்கு நினைவில்லை. சின்னப் பிள்ளையில் யாரோ அடித்துச் சொல்லிக் கொடுத்த பழக்கம், கை தானாகப் போயிருக்கிறது. அச்சகத்து மேசையில் டம்ளரையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு எத்தனை முறை ஊற்றிப் பார்த்தாள்! அத்தனை முறையும் சோத்தாங்கையால். டம்ளர் குடிக்கிற பாத்திரமாயிற்றே. இருமல் மருந்தை இந்திராணி சோத்தாங்கையால் வாங்கினாள். அது வாய்க்குள் போகிற சாமானாயிற்றே. கக்கூஸ் பாட்டிலை இந்த ஊரில் எந்த மனுஷி சோத்தாங்கையால் தொடுவாள்?

பாட்டிலைக் கை மாற்றிப் பிடித்தாள். கூசியது. சாய்த்தாள். "ப்ளீச்சிங் பவுடரோடு கலக்காதீர்," என்று குரல் ஆரம்பித்தது. முடிவதற்குள் பூரணவல்லி அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். புகார் ஏன் வரவில்லை என்பது இப்போது புரிந்தது. ஊர் முழுக்க அந்தப் பாட்டில் ஒருவரிடமும் பேசியதே இல்லை.

மறுநாள் ஞானதுரையின் அலுவலகத்தில் அவளை உள்ளே விடவில்லை. கேஸ் முடிந்தாயிற்று, போங்கள் என்றார்கள். பூரணவல்லி போகவில்லை. வராந்தாவில் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். கடைசியில் அதிகாரியே எழுந்து வந்தார்.

"என்னம்மா கலாட்டா பண்றீங்க? நீங்கதான பேசும்னு காட்டுனீங்க?"

"தப்பாக் காட்டிட்டேன் சார். உங்க ஆபீஸ் பாத்ரூமுக்கு வாங்க."

"என்னது?"

"அஞ்சு நிமிஷம். வந்துட்டு அப்புறம் என்னைப் போலீஸ்ல குடுங்க."

அவர் வந்தார். எரிச்சலோடு வந்தார். பின்னால் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பூரணவல்லி பாட்டிலையும் பிரஷ்ஷையும் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். "கழுவுங்க சார்," என்றாள்.

"ஏம்மா, என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு? நான் கக்கூஸ் கழுவணுமா?"

"என் நாத்தனா நெஞ்சு வெந்து கிடக்கா சார். அவ பொய் சொல்றான்னு நான் உங்ககிட்ட சொல்லியிருக்கேன். நீங்களும் அதை எழுதியிருக்கீங்க. ஒரு தடவை கழுவுங்க."

அவள் சொன்ன விதத்தில் என்ன இருந்ததோ, ஞானதுரை திட்டிக்கொண்டே குனிந்தார். பிரஷ்ஷை வலது கையில் எடுத்தார். பாட்டிலை இடது கையில் எடுத்தார். ஊற்றினார். கொஞ்ச நேரம் எதையோ எதிர்பார்த்துக் குனிந்தபடியே நின்றார்.

"ஒண்ணும் சொல்லலையே," என்றார்.

"அந்தக் கையில மாத்திப் பிடிச்சு ஊத்துங்க."

"இந்தக் கையிலயா? சாப்பிடுற கைம்மா இது!" என்று முகத்தைச் சுளித்தவர், சுளித்த முகத்தோடு அப்படியே நின்றுவிட்டார். பின்னால் நின்ற யாரோ "அய்யோ" என்றார்கள். ஞானதுரை பாட்டிலை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"கோணத்தைக் குடுத்தது நான்தான் சார்," என்றாள் பூரணவல்லி. "என் பேரையும் சேத்து எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். பாட்டில்களைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு போயிற்று. அண்ணாச்சி அவளை மட்டுமல்ல, அவள் பரம்பரையையே ஏசிவிட்டு டெஸ்க்டாப்பைத் தெருவில் தூக்கி எறிந்தார். வழக்கில் முதல் பெயர் பிரதாப், இரண்டாவது அண்ணாச்சி, மூன்றாவது பூரணவல்லி.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சந்தனக்குமார் அவளைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டான். இந்திராணி விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாள்.

பூரணவல்லி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டம்ளரில் ஊற்றிப் பார்த்ததை, எந்தக் கை என்று யோசிக்காமல் விட்டதை, அதிகாரி கழுவியதை. "நீ பொய் சொல்லல. பாட்டில் உன்கிட்ட பேசவே இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். என்னைய மன்னிச்சிரு இந்திராணி."

இந்திராணி ரொம்ப நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அவள் பாட்டிலைப் பற்றியோ கையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"மதினி," என்றாள். "மாடத்துல பவுடர் டப்பா இருந்துச்சே, நீங்க பாத்தீகளா?"

"பாத்தேன்."

"ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்?"

"தெரியும்."

"ஒரே வீட்டுலதான இருந்தோம்? நீங்களே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பூரணவல்லி மேசைமேல் இருந்த ஜக்கை எடுத்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி, சோத்தாங்கையால் நீட்டினாள்.

இந்திராணி வாங்கவில்லை.